அனுப்பும் வெடி

மதுரை
23.1.77

அன்புள்ள அக்கா முருகம்மாளுக்குத் தங்கை பேச்சி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நாக்பூர்க் குளிரில் நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா என்னைத் தினமும் கேட்கிறாள். நான் என்னவோ நேற்றுத்தான் உங்களைப் பார்த்துவிட்டு வந்தது போல.

திருநகருக்கு அப்பால் கண்மாய்க் கரையில் இருக்கிற துப்பாக்கி கிளப்பின் சுடும் ரேஞ்சில்தான் அப்பா இன்னும் காவல் இருக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று என்னையும் கூட்டிப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை சுடுகிறவர்கள் போன பிறகு, சுட்ட அட்டைகளில் உள்ள ஓட்டைகளை மைதாப் பசை போட்டுத் துண்டுக் காகிதத்தால் மூடுவது என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

கிளப்புக்குப் புதிதாக ஒரு துப்பாக்கி வந்திருக்கிறது. பழைய யுத்தத்தில் சிப்பாய்கள் தூக்கிய த்ரீ நாட் த்ரீக்கு அச்சு அசல். அதே மரம், அதே கனம், போல்ட்டை இழுத்தால் அதே சத்தம். ஆனால் குழலின் ஓட்டை மட்டும் பென்சில் பருமன்தான். பாயிண்ட் டூ டூ குண்டு போடுவது. புதிதாகப் பட்டாளத்தில் சேருகிறவர்கள் செலவில்லாமல் பழகுவதற்காக அப்படிச் செய்தார்களாம். செயலாளர் சீதாராமன் சார், "நீயும் ஒண்ணு சுட்டுப் பாரேன் பேச்சி" என்றார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். எல்லோரும் போன பிறகு அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட வேண்டும். தோளில் இடி எதுவும் இல்லை. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சிவராத்திரிக்கு ஒரு சங்கடம். தேர்தல் வருகிறது என்று ஊரில் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் வாங்கி வைத்துவிட்டார்கள். கிளப் துப்பாக்கிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். கருப்பு சித்தப்பாவின் துப்பாக்கியும் போய்விட்டது. முத்திருளன் அய்யாவுக்கு வெடி போடுவதற்கு என்ன செய்வது என்று அப்பா யோசித்துக்கொண்டே இருக்கிறார். பதில் போடு அக்கா.

பேச்சி

*

நாக்பூர்
6.2.77

என் தங்கம் பேச்சிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அப்பா கால்வலிக்குத் தைலம் தேய்க்கிறாரா?

விருந்தாளி வந்தால் அடுப்படியில் ஒளிகிறவள் துப்பாக்கி பிடிக்கிறாயா? மாமாவிடம் சொன்னேன். "இனிமே மாமியார் வீட்டுல வாயே தொறக்க வேணாம், அதைக் காட்டுனாப் போதும்" என்று சிரித்தார்.

வெடி விஷயத்தில் அப்பாவை அவசரப்பட வேண்டாம் என்று சொல். பர்மா யுத்தத்தில் சிப்பாயாகச் செத்து, உடம்பு கூட வந்து சேராத மனுஷன் முத்திருளன் அய்யா. நம் குலத்தில் பட்டவனாக, செத்துத் தெய்வமானவராக நிற்கிறார். கூப்பிட ஒரு வெடி, அனுப்ப ஒரு வெடி என்று அந்தக் காலத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் தேங்காய் பழத்தோடு விட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரேஞ்சுக்குப் போகிறபோது, கண்மாய்க் கரையில் என் பிள்ளை ராக்குவைப் புதைத்த இடத்தையும் ஒரு எட்டுப் பார். நாய் தோண்டாமல் இருக்க அப்பா முள் வெட்டிப் போட்டிருந்தார். அது கிடக்கிறதா என்று மட்டும் எழுது. இருந்திருந்தால் இந்நேரம் ஓடி விளையாடுவாள். தவழ்ந்துகொண்டிருந்தபோதே போய்விட்டாள். மாமா இப்போது இன்னொரு குழந்தை பற்றிப் பேசுகிறார். நான் எழுந்து போய்விடுகிறேன்.

முருகம்மாள்

*

மதுரை
22.2.77

அன்புள்ள அக்காவுக்கு, இந்தக் கடிதம் உங்கள் இருவரையும் சுகமாகப் பார்க்கட்டும். அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குத்தான் கொஞ்சம் அசதி.

முள் கிடக்கிறது. நான் புதிதாகவும் வெட்டிப் போட்டேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் உச்சிவேளையில் கண்மாய்க் கரைக் கோயிலுக்குப் போனோம். அப்பா கிளப் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். சாந்தும் சிமெண்டும் வைத்துச் செய்த அய்யா சிலையின் கையில் இருக்கிறதே துப்பாக்கி, அதற்குப் பக்கத்தில் இதை நிறுத்தினால் இரண்டும் ஒன்றுபோல இருந்தது. "அவரு துப்பாக்கியேதான். இதுக்கு வராம வேற எதுக்கு வரப் போறாரு" என்றார் அப்பா. கருப்பு சித்தப்பா போல்ட்டைத் திறந்து குண்டைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏண்ணே, இம்புட்டூண்டு குண்டா? இதுக்கு காக்கா கூட எந்திரிக்காது. நான் தொடமாட்டேன். ஒம் மகளையே சுடச் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அய்யா அப்பா மேல்தான் இறங்குவார், அதனால் அப்பா சுடக் கூடாது. அத்தனை பேர் பார்க்க நான் வாங்கி, கண்மாய்ப் பக்கம் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டேன். டப் என்றது.

வழக்கமாக வெடிச் சத்தம் கேட்டதும் அப்பா குதிகாலால் தரையை அறைந்து, சல்யூட் அடித்து, சிகரெட் கேட்பார் இல்லையா? இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். காலை அகட்டி வைத்துக்கொண்டு மணலை அள்ளி மடியில் போட்டார். "என்னய்யா, சிகரெட்டா?" என்று சித்தப்பா நீட்டினார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டி அழுதார். அது அப்பாவின் குரலாக இல்லை. அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கி அழுதார் அக்கா. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அம்மா என்ன நினைத்தாளோ, படையலுக்கு வைத்திருந்த பாலை எடுத்துவந்து அவர் வாயில் வைத்தாள். அப்பா குடித்தார். பாதி கழுத்தில் வழிந்தது.

"அனுப்புங்கடி, சீக்கிரம் அனுப்புங்க" என்றார் சித்தப்பா. இரண்டாவது குண்டைப் போட்டு இழுத்தேன். ஊசி தட்டிய சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவில்லை. துப்பாக்கியை மண்மேட்டுப் பக்கமே கொஞ்ச நேரம் நீட்டி வைத்திருந்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார், அப்படியே செய்தேன். அதற்குள் அப்பா தூங்கிப்போனார். எழுந்தபோது அவருக்கு எதுவும் நினைவில்லை. வேறு குண்டும் கொண்டுவரவில்லை. அனுப்பாமலேயே வந்துவிட்டோம்.

பேச்சி

*

நாக்பூர்
3.3.77

பேச்சிக்கு, நாங்கள் சுகம்.

அப்பா அழுதபோது முதலில் எந்தக் கையை நீட்டினார்? யோசித்து எழுது. அம்மாவிடம் கேட்க வேண்டாம். நீயே யோசி.

அக்கா

*

மதுரை
12.3.77

அன்புள்ள அக்கா, நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை.

இடது கை.

ராக்குவும் எதற்கும் இடது கையைத்தான் நீட்டுவாள் என்று எனக்கும் நினைவிருக்கிறது. அதை முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதப் பயமாக இருந்தது.

அய்யாவின் துப்பாக்கிச் சத்தம் பெரிய சத்தம். அதற்கு அவர் வருவார். நாம் அதே உருவத்தைக் காட்டிச் சின்னச் சத்தத்தில் கூப்பிட்டுவிட்டோம். பக்கத்திலேயே கண்மாய்க் கரையில் கிடந்தவளுக்குத்தான் அது கேட்டிருக்கிறது என்று சித்தப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது.

ரேஞ்சில் மண்மேட்டு மணலை நான் காலையில் பலகையால் இழுத்துச் சமன் செய்வேன். உச்சிவேளையில் போய்ப் பார்த்தால் அதில் உள்ளங்கைத் தடமும், பின்னால் முழங்கால் இழுபட்ட தடமும் இருக்கிறது. நாய்த் தடம் இல்லை, எனக்குத் தெரியும். பசைக் கிண்ணத்தை மூடாமல் வைத்தால் ஓரத்தில் விரலால் வழித்திருக்கிறது. அப்பா உச்சிவேளையில் வேலையை விட்டுவிட்டுக் கண்மாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். குழம்பு வேண்டாம் என்கிறார். பால்சோறுதான் இறங்குகிறது. கன்னம் ஒட்டிவிட்டது.

கூப்பிட்ட துப்பாக்கிதான் அனுப்ப வேண்டும், அனுப்பப் போட்ட குண்டுதான் வெடிக்க வேண்டும் என்கிறார் சித்தப்பா. அந்தக் குண்டு என்னிடம்தான் இருக்கிறது. சீதாராமன் சாரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். இந்த வகைக் குண்டுக்கு மருந்து அடியில் விளிம்பைச் சுற்றி இருக்குமாம். ஒரு இடத்தில் மருந்து சேராமல் போனால் ஊசி தட்டியும் வெடிக்காது. கொஞ்சம் திருப்பிப் போட்டு வேறு இடத்தில் ஊசி பட்டால் வெடித்துவிடும் என்றார். அப்படியே செய்துவிடட்டுமா அக்கா?

பேச்சி

*

நாக்பூர்
19.3.77

பேச்சி, செய்யாதே.

இந்தக் கடிதத்தை உன் கால் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். அவள் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு விடிந்ததும் போகலாம் என்று சொன்னவள் நான். அவளை ஒருமுறை அனுப்பியாயிற்று. இன்னொரு முறை என் வீட்டு ஆளே அனுப்ப வேண்டுமா?

அப்பாவுக்குக் கஷ்டம் என்றால் அவள் அங்கே இருக்க வேண்டாம், என்னிடம் வரட்டும். கீழே எழுதியிருப்பதை உச்சிவேளையில் அந்த மணல் பக்கத்தில் நின்று சத்தமாகப் படி. உனக்குக் கூச்சம் என்று தெரியும். எனக்காகப் படி.

ராக்கு, அம்மா தூரத்தில் இருக்கிறேன். அப்பாவின் ரயில்வே வீட்டில் இருக்கிறேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். தாத்தாவை விட்டுவிட்டு என்னிடம் வா.

முருகம்மாள்

*

மதுரை
4.4.77

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே யாவரும் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ சொன்னபடி படித்தேன். முதல் தடவை வாய்க்குள்ளேயே. பிறகு சத்தமாகப் படித்தேன். காற்று இல்லை. அட்டைகள் மட்டும் கொஞ்சம் ஆடின.

தேர்தல் முடிந்து சித்தப்பாவுக்குத் துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது. திருநகரில் வெள்ளரிப் பிஞ்சு வந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

பேச்சி

*

நாக்பூர்
20.4.77

என் செல்லத் தங்கைக்கு, நான் எவ்வளவு சுகமாக இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

வந்துவிட்டாள் பேச்சி. அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று என் கொண்டையைப் பிடித்தாள். திரும்பிப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது நாளெல்லாம் என்னோடுதான் இருக்கிறாள். மத்தியானம் வெயில் ஏறினால் நன்றாகத் தெரிகிறாள். நடக்கிறாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை அங்கே போய் நடக்கக் கற்றிருக்கிறாள், பாரேன்.

காலுக்குக் கொலுசு வாங்கியிருக்கிறேன். நீ எனக்குச் செய்ததை நான் மறக்கமாட்டேன். அங்கே அப்பா தேறிவிட்டாரா? தேறியிருப்பார். அந்தக் குண்டைக் கிணற்றில் போட்டுவிடு.

முருகம்மாள்

*

நாக்பூர்
7.5.77

கொழுந்தியாள் பேச்சிக்கு நல்லகாமன் எழுதுவது. எனக்கு உடம்புக்குக் குறைவில்லை. இது உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிற கடிதம்.

அவள் சாப்பாட்டைச் சின்னத் தட்டில் பிசைந்து, தரையில் உட்கார்ந்து எதிரே நீட்டி நீட்டி ஊட்டுகிறாள். முதலில் மனக்கஷ்டம் என்று விட்டுவிட்டேன். ஆனால் தட்டு காலியாகிறது பேச்சி. அவள் வாயில் ஒரு பருக்கை போவதை நான் பார்க்கவில்லை. மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வர?" என்கிறாள்.

போன வாரம் ஷிப்ட் முடிந்து மத்தியானத்தில் வந்தேன். கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே கொலுசு நடந்தது. நான் தாழ்ப்பாளில் கை வைத்ததும் நின்றது. உள்ளே உன் அக்கா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். கொலுசு மாடத்தில் இருந்தது. நான் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை.

நீ ஏதோ படித்ததாகவும், வெடி ஒன்று பாக்கி இருப்பதாகவும் தூக்கத்தில் பேசுகிறாள். எனக்கு இதெல்லாம் புரியாது. ஆனால் இப்படியே போனால் நான் அவளை இழந்துவிடுவேன். உன்னால் ஆவது எதுவாக இருந்தாலும் செய்.

நல்லகாமன்

*

மதுரை
16.5.77

மாமாவுக்கு வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "சுட்டுரு தாயி, என்னாலயும் முடியல" என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை உச்சிக்குச் செய்கிறேன். அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போக வேண்டாம். அக்கா பக்கத்திலேயே இருங்கள்.

பேச்சி

*

நாக்பூர்
23.5.77

பேச்சிக்கு அக்கா எழுதுவது. நான் சுகமாகவே இருக்கிறேன். உனக்கு என் மேல் கோபமா, உன் மேல் எனக்குக் கோபமா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை உன் மாமா லீவு போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பாப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உச்சிவேளை வந்தது. போனது. அவள் போகவில்லை. வாசல் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். பல் எல்லாம் முளைத்துவிட்டது அவளுக்கு.

அந்தக் குண்டு இந்தத் தடவையும் வெடித்திருக்காது. இல்லை, என் பிள்ளைக்கு என்னை விட்டுப் போக மனமில்லை. இனி முயற்சி செய்யாதே. அவளுக்கு இப்போதெல்லாம் பசி அதிகம். எழுத நேரம் கிடைப்பதில்லை.

முருகம்மாள்

*

மதுரை
30.5.77

அன்புள்ள அக்காவுக்குப் பேச்சி எழுதுவது. அப்பா இன்று புளிக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவுக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. உன் உடம்பைப் பற்றி விசாரித்து எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

குண்டு வெடித்தது.

திருப்பிப் போட்டேன். மணலைப் பார்த்துப் படுத்தேன். சுடுவதற்கு முன் தடம் எனக்கு முன்னாலேயே, கை நீட்டினால் எட்டுகிற தூரம் வரை வந்திருந்தது. கொஞ்ச நேரம் என்னால் ட்ரிகரைத் தொட முடியவில்லை. "போயிட்டு வா ஆத்தா, சித்திதான் அனுப்புறேன்" என்று சொன்னேன். பிறகு மண்மேட்டின் உச்சியைப் பார்த்துச் சுட்டேன். அதற்குப் பிறகு மணல் நான் இழுத்து வைத்தபடியே இருக்கிறது. பசையை யாரும் தொடுவதில்லை. அப்பா கண்மாயைப் பார்த்து உட்காருவதில்லை.

அக்கா, நான் உனக்கு ஒன்றை எழுதாமல் விட்டேன். உன் கடிதத்தை மணலில் நின்று படித்தேனே, அதற்குப் பிறகும் தடம் நிற்கவில்லை. வந்துவிட்டாள் என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்த அன்றும் கிண்ணத்தில் விரல் வழித்த தடம் இருந்தது. நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய், சொல்ல மனம் வரவில்லை. ராக்கு இங்கேதான் இருந்தாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கேதான் இருந்தாள். கடைசி வரை தவழ்ந்துகொண்டுதான் இருந்தாள், நடக்கவே இல்லை. இப்போது போய்விட்டாள். அழாமல் போனாள் என்றுதான் நினைக்கிறேன்.

கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அதில் யார் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு இனிமேல் ஊட்டாதே. பெயர் சொல்லிக் கூப்பிடாதே. இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்காதே.

நானும் அப்பாவும் புதன்கிழமை ரயில் ஏறுகிறோம். உன்னைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவோம். மாமாவுக்கும் எழுதிவிட்டேன். வாசலில் வந்து உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், எவ்வளவு பேர் இருந்தாலும் கூச்சப்பட மாட்டேன். கதவை நீ மட்டும் வந்து திற.

பேச்சி